கேட்ட பிறகு செபிப்போம்

(உலக நோயாளர் நாளையொட்டி வானொலியில் வழங்கிய மறையுரை)



பிப்ரவரி 11 லூர்து அன்னையின் விழா. 1992-ஆம் ஆண்டு திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் இந்த நாளை உலக நோயாளர் நாளாக ஏற்படுத்தினார். 1993 முதல் திருஅவை எங்கும் அதைக் கொண்டாடி வருகிறது. இந்த நாளில் நம் பங்குகளில் சிறப்புத் திருப்பலி நடக்கும். முதியவர்களும் நோயாளிகளும் கோயிலுக்கு வந்து நோயில்பூசுதல் பெற்றுத் திரும்புவார்கள். ஆனால் இன்று நாம் நினைக்கப்போவது கோயிலுக்கு வர முடியாதவர்களை. நோயைக் குணப்படுத்த இனி வழியில்லை, வலியைக் குறைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறதே, அந்தச் சகோதர சகோதரிகளை.

அவர்களுக்குத் தரப்படும் பராமரிப்பைப் பாலியேட்டிவ் கேர் என்கிறார்கள். தமிழில் நோய் ஆதரவுச் சிகிச்சை என்று சொல்கிறோம். 'பாலியம்' என்ற இலத்தீன் சொல்லுக்கு மேலாடை, போர்வை என்று பொருள். குளிரில் நடுங்குகிறவனுக்குப் போர்வை போர்த்துவது போன்ற மருத்துவம் இது. நோய் போகாது. ஆனால் நோயாளி நடுங்கிக்கொண்டு கிடக்கவேண்டியதில்லை.

உடம்புக்குப் போர்வை போர்த்த மருத்துவரும் செவிலியரும் இருக்கிறார்கள். உள்ளம் எங்கே நடுங்குகிறது என்று யார் பார்ப்பது? எப்படிப் பார்ப்பது? இதுதான் இன்று நம் முன் உள்ள கேள்வி.

மாற்கு நற்செய்தி பத்தாம் அதிகாரத்துக்குப் போவோம். எரிகோ நகரின் சாலையோரம் பர்த்திமேயு என்ற பார்வையற்றவர் உட்கார்ந்து பிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறார். இயேசு அந்த வழியே போகிறார் என்று கேள்விப்பட்டதும் கூவி அழைக்கிறார். கூட்டம் அவரை வாயை மூடச் சொல்கிறது. இயேசு நிற்கிறார். அவரை வரச்சொல்கிறார். பிறகு ஒரு கேள்வி கேட்கிறார்: உமக்கு நான் என்ன செய்யவேண்டும்?

அன்பானவர்களே, இது தேவையில்லாத கேள்விபோல் நமக்குத் தோன்றலாம். கண் தெரியாதவருக்கு வேறு என்ன வேண்டும்? சுற்றி நின்ற எல்லாருக்கும் விடை தெரியும். இறைமகனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கேட்கிறார். பிச்சை கேட்டே பழகிய அந்த மனிதர் தன் ஆழ்ந்த ஆசையைத் தன் வாயால் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார். பதில் வந்த பிறகுதான் பார்வை கொடுக்கிறார்.

எம்மாவு வழியிலும் இப்படித்தான். சோர்ந்துபோய் நடந்த இரண்டு சீடரிடம், எதைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். அவர்கள் தங்கள் ஏமாற்றத்தையெல்லாம் கொட்டித் தீர்க்கும்வரை பொறுமையாகக் கேட்கிறார். அதற்குப் பிறகே மறைநூலை விளக்குகிறார், அப்பத்தைப் பிட்கிறார். முதலில் கேள்வி, அடுத்து செவி, அதன்பின் சொல், கடைசியில் அருள்சாதனம். ஆண்டவர் நமக்குக் காட்டிய வரிசை இது.

இப்போது நம் ஊரில் ஒரு நோயாளியின் வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் ஆப்பிள் பையோடும் உறவினர் வருகிறார்கள். அன்பியத்தினர் செபமாலையோடு வருகிறார்கள். எல்லாரும் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். வந்ததும், "நம்பிக்கையா இருங்க, கடவுள் கைவிடமாட்டார்" என்கிறார் ஒருவர். "சிலுவைன்னு நினைச்சு ஏத்துக்குங்க" என்கிறார் இன்னொருவர். "போன வருசம் எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் இருந்துச்சு" என்று மூன்றாமவர் தொடங்குகிறார். செபம் முடிகிறது, பாட்டு முடிகிறது, காப்பியும் முடிகிறது. நோயாளி எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். ஆனால் அவருடைய மனதில் என்ன இருக்கிறது என்று அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் கேட்கவில்லை.

உடல்வலியைக் கேட்டறியும் பழக்கத்தை மருத்துவ உலகம் வளர்த்துக்கொண்டுவிட்டது. செவிலியர் வந்து, வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாத வலி பத்து, இப்போது எத்தனை என்று கேட்கிறார். நோயாளி சொல்லும் எண்ணைக் குறித்துக்கொள்கிறார். அதைப் பார்த்து மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டுகிறார், குறைக்கிறார். வலியை உணர்பவர் நோயாளி. ஆகவே அவர் சொல்வதே சாட்சி. இது எளிய உண்மைதான். ஆனால் இதை நடைமுறைக்குக் கொண்டுவரப் பலர் உழைக்கவேண்டியிருந்தது.

அவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். 1918-இல் பிறந்து 2005-இல் இறந்தவர். முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனையில் சமூகப் பணியாளர், அதன்பின் மருத்துவம் படித்து மருத்துவர். இலண்டனில் அயர்லாந்து நாட்டு அருள்சகோதரிகள் நடத்திவந்த புனித யோசேப்பு இல்லத்தில் சாகுந்தறுவாயில் இருந்தவர்களிடையே பணி செய்தார். நம் முன்னோர் நல்ல மரணத்தின் பாதுகாவலர் என்று கைகூப்பும் சூசையப்பரின் பெயர் தாங்கிய இல்லம் அது. அங்கே அவர் நோயாளிகளின் அருகில் உட்கார்ந்து கேட்டார். வலியைப் பற்றித்தான் கேட்டார். பதிலாக வந்ததோ வலியோடு சேர்ந்த வாழ்க்கை முழுவதும்: வீட்டில் இருப்பவர்கள் படும் பாடு, பணக் கஷ்டம், பயம், தனிமை, இனி என் வாழ்வுக்கு என்ன பொருள் என்ற ஏக்கம். உடல், மனம், உறவு, ஆன்மா ஆகிய நான்கும் சேர்ந்து வலிக்கின்றன என்று அவர் கண்டுகொண்டார். அதற்கு 'முழு வலி' என்று பெயரிட்டார். 1967-இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை இலண்டனில் நிறுவினார். இன்று உலகெங்கும் நடக்கும் இந்தப் பராமரிப்புக்கு அந்த இல்லம் முன்மாதிரி. உலக சுகாதார நிறுவனமும் 2002-ஆம் ஆண்டு இந்தச் சிகிச்சைக்குத் தந்த விளக்கத்தில் உடல், மனம், சமூகம் ஆகியவற்றோடு ஆன்மிகத் துயரையும் சேர்த்தே சொன்னது.

நம் தெருவிலேயே ஒரு தாயைக் கற்பனை செய்துகொள்வோம். ஐம்பது வயதைக் கடந்தவர். மார்பகப் புற்று எலும்புக்குப் பரவியிருக்கிறது. இடுப்பு வலிக்கு மருந்து கூட்டியும் இரவில் தூக்கம் இல்லை. தாலிச் சங்கிலி அடகில் இருக்கிறது. மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை. ஒட்டிக்கொள்ளும் நோய் என்று தவறாக நினைத்து, பக்கத்து வீட்டார் அவருக்குத் தனி டம்ளர் வைக்கிறார்கள். அவரோ வாழ்நாள் முழுவதும் முதல் வெள்ளித் திருப்பலியைத் தவறவிடாதவர். இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, "நான் எந்தப் பாவத்துக்கு இங்கேயே உத்தரிக்கிறேன்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு எந்த மாத்திரையும் பதில் சொல்லாது. அதை அவர் மனம்விட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

சரி, உள்ளத்தின் வலியை எப்படிக் கேட்பது? அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1996-ஆம் ஆண்டு இதற்காக ஒரு சிறு வழிமுறையை உருவாக்கினார். நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை எஃப்.ஐ.சி.ஏ. என்கிறார்கள். மருத்துவரும் செவிலியரும் நோயாளியோடு பேசும்போது நினைவில் வைத்துக்கொள்ளும் நான்கு படிகள் அவை. முதலாவது, அவருடைய நம்பிக்கை எது. இரண்டாவது, அந்த நம்பிக்கைக்கு அவர் வாழ்விலும் நோயிலும் உள்ள இடம் என்ன. மூன்றாவது, அவரைத் தாங்கும் சமூகம் எது. நான்காவது, இவற்றையெல்லாம் மனதில் கொண்டு நாம் அவருக்கு என்ன செய்யவேண்டும்.

இதை அப்படியே மொழிபெயர்த்து, "உங்கள் ஆன்மிகம் என்ன?" என்று நம் பாட்டியிடம் கேட்டால் அவர் திகைத்துப்போவார். நமக்கு ஆன்மிகம் என்ற சொல், திருத்தலப் பயணத்தையும் தியானத்தையும் பெரியவர்களின் பேச்சையும்தான் நினைவூட்டும். ஆகவே நம் வீட்டு மொழியில் கேட்போம்.

"மனசு சோர்ந்துபோறப்ப உங்களுக்குத் தெம்பு குடுக்கிறது எதும்மா?" இது முதல் கேள்வி. மாதா என்று பதில் வரலாம். பேரன் என்று வரலாம். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததை நினைத்தால் மனம் நிறைகிறது என்று வரலாம். எதுவுமில்லை என்ற பதிலும் வரலாம். அதுவும் பதில்தான்.

"இந்த நோய் வந்தபிறகு சாமி மேல உள்ள நம்பிக்கை எப்படி இருக்கு? முன்ன மாதிரி செபிக்க முடியுதா?" இது இரண்டாவது.

"யார் வந்தா நல்லா இருக்கும்னு தோணுது? யாரைப் பார்க்கணும்னு இருக்கு?" இது மூன்றாவது. இந்தக் கேள்விக்குத்தான், பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணனின் பெயர் வரும். சொந்த விருப்பப்படி திருமணம் செய்துகொண்டதால் வீட்டுப் படியேறக்கூடாது என்று சொல்லப்பட்ட மகளின் பெயர் வரும்.

"நாங்க என்ன செஞ்சா உங்களுக்கு ஆறுதலா இருக்கும்?" இது நான்காவது. நன்றாகக் கவனியுங்கள், அன்பானவர்களே. எரிகோ சாலையில் இயேசு கேட்ட அதே கேள்வி இது. இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் வந்துசேர்ந்த இடத்தில் நம் ஆண்டவர் முன்பே நின்றுகொண்டிருக்கிறார்.

இந்த நான்கையும் ஒரே மூச்சில் கேட்டு முடிக்கவேண்டியதில்லை. கையில் காகிதமும் பேனாவும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் கடினம். மௌனம் நீண்டால் நமக்குப் பதற்றமாகி, நாமே பதிலைச் சொல்லிவிடத் தோன்றும். யோபுவின் மூன்று நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் யோபுவின் வேதனையைக் கூட்டினார்கள். கடவுளை நோக்கிக் கத்திக் கேள்வி கேட்ட யோபு சரியாகப் பேசினார் என்றும், கடவுளுக்காக வாதாடிய நண்பர்கள் சரியாகப் பேசவில்லை என்றும் ஆண்டவரே இறுதியில் தீர்ப்புச் சொல்கிறார்.

எல்லாக் கேள்விகளும் கனமாகத் தோன்றினால், ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. "மனசு நிம்மதியா இருக்கா?" அமைதியாக இருக்கிறீர்களா என்ற இந்த ஒற்றைக் கேள்வியே நோயாளியின் ஆன்மிக நிலையை அறிய நல்ல வாசலாக இருக்கிறது என்று அமெரிக்காவில் கேரன் ஸ்டைன்ஹவுசரும் அவரோடு பணிசெய்தவர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் சொன்னார்கள். எந்தச் சமயத்தவரிடமும் கேட்கலாம். சமயமே வேண்டாம் என்பவரிடமும் கேட்கலாம். நம் தமிழில் 'நிம்மதி' என்ற சொல்லை விளக்கவே தேவையில்லை. குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய முதியவர் சிமியோன் சொன்னதும் இதுதானே? பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டேன், இனி அமைதியாகப் போவேன் என்றார்.

இங்கே சிலருக்கு ஒரு தயக்கம் வரும். ஒருவருடைய ஆன்மாவை அளக்க நாம் யார்? நியாயமான தயக்கம். யாருக்கு எவ்வளவு விசுவாசம் என்று மதிப்பெண் போடுவதற்காக நாம் கேட்கவில்லை. அருளின் அளவைக் கடவுள் ஒருவரே அறிவார். வெளியே தெரிவதை வைத்து நாம் முடிவுகட்டிவிடக்கூடாது என்பதற்காகவே கேட்கிறோம். லிசியே நகரின் புனித தெரேசாவை எடுத்துக்கொள்வோம். காசநோயால் 1897-இல், 24-ஆம் வயதில் இறந்தார். கடைசி ஒன்றரை ஆண்டு, விண்ணகம் உண்டா என்றே கேட்கவைக்கும் இருள் அவரைச் சூழ்ந்திருந்தது. முகத்தில் புன்னகை இருந்ததால் மடத்தில் பலருக்கு அது தெரியவில்லை. புனிதர்களுக்கே இருள் வந்திருக்கிறது என்றால், தினமும் பூசைக்கு வந்த பெரியவர் படுக்கையில் கலங்குவதைப் பார்த்து நாம் அதிர்ச்சியடையலாமா? கோயில் பக்கமே வராதவர் என்று நாம் ஒதுக்கிய ஒருவர் மிகுந்த அமைதியோடு கிடக்கவும் கூடும். கேட்டால்தான் தெரியும்.

கேட்கத் தொடங்கினால் என்னென்ன பதில்கள் வரும்? பங்குகளில் நோயாளிகளைச் சந்திக்கும் எங்களுக்குத் திரும்பத் திரும்பக் கேட்கும் சில குரல்கள் உண்டு.

ஒன்று, "சாமி என்னைத் தண்டிக்கிறாரு." பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. இதை நாம் நோயாளிக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஆனால் முதல் வாக்கியமாகச் சொல்லக்கூடாது. எந்தப் பாவத்தை அவர் நினைக்கிறார் என்று முதலில் கேட்கவேண்டும். சில வேளை அங்கே உண்மையான ஒரு காயம் இருக்கும்; ஒப்புரவு அருள்சாதனத்துக்காக அது பல ஆண்டு காத்திருக்கும்.

இரண்டாவது, "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்." நம் ஊரில் மிக அதிகமாகக் கேட்கும் குரல் இது. மலம் அள்ளக் கொடுக்கவேண்டியிருக்கிறதே என்று கூசுகிற தகப்பனுக்கு நீண்ட உரை தேவையில்லை. "நீங்க என்னைத் தூக்கி வளர்த்தீங்கப்பா" என்று மகன் சொல்லும் ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லும்படி மகனைத் தூண்டுவதும் ஆன்மிகப் பராமரிப்புதான்.

மூன்றாவது, கோபம். "இவ்வளவு செபிச்சும் கேட்கலையே." இந்தக் கோபத்தை அடக்கச் சொல்லவேண்டாம். சிலுவையில் தொங்கிய ஆண்டவரே ஏன் கைவிட்டீர் என்று தந்தையைக் கேட்டார். கடவுளிடம் கோபப்படுகிறவர் இன்னும் கடவுளோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

கேட்க மறுக்கும் பக்தியால் வரும் ஆபத்தைப் பற்றியும் பேசியாகவேண்டும். நம்பிக்கை போதவில்லை, அதனால்தான் குணமாகவில்லை என்று நோயாளியின் தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நோயோடு கிடப்பவர்மேல் குற்றவுணர்வையும் ஏற்றிவைக்கும் பேச்சு அது. நற்செய்தியில் அதற்கு இடமில்லை. வேறு சிலர், வலியைத் தாங்குவதே புண்ணியம், மார்ஃபின் எடுப்பது விசுவாசக் குறைவு என்கிறார்கள். 1957-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவர்களிடம் பேசும்போது, கடும் வலியைத் தணிக்கும் மருந்தைப் பயன்படுத்துவது தகும் என்று தெளிவுபடுத்தினார். கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூலும் இந்தப் பராமரிப்பைத் தன்னலமற்ற அன்பின் சிறந்த வடிவமாகப் போற்றுகிறது. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் மார்ஃபின் நல்ல மருந்து. வலி தணிந்தால்தான் பலருக்குச் செபிக்கவே முடிகிறது. தன் துன்பத்தை ஆண்டவரின் பாடுகளோடு இணைக்க ஒருவர் விரும்பினால், அது அவர் மனமுவந்து தரும் காணிக்கை. அடுத்தவர் அதை அவர்மேல் சுமத்தக்கூடாது.

இன்னொன்று. "சாமி, அப்பாவுக்கு விசயம் தெரியாது, சொல்லிடாதீங்க" என்று வாசலிலேயே குடும்பத்தார் எங்களைத் தடுப்பதுண்டு. அது அன்பினால்தான். ஆனால் பெரும்பாலும் அப்பாவுக்குத் தெரியும். பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று அவரும் மறைக்கிறார். இரண்டு பக்கமும் நாடகம் ஆடி, சொல்லவேண்டிய நன்றியும் கேட்கவேண்டிய மன்னிப்பும் சொல்லப்படாமலே போய்விடுகின்றன. உயில், கடன், நிலப் பத்திரம் போன்ற காரியங்களும் அப்படியே நிற்கின்றன. நோயின் விவரத்தைச் சொல்வது மருத்துவரின் வேலை; அதை நாம் செய்யவேண்டாம். ஆனால் பொய்யும் வேண்டாம். "உங்க உடம்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்கலாம். அவருக்கு எவ்வளவு பேச விருப்பமோ, அவ்வளவு தூரம் மட்டும் அவரோடு நடக்கலாம்.

அருள்சாதனங்களிலும் இதே தயக்கம் நம் இடையூறாக இருக்கிறது. பழைய காலத்தில் 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பெயர் இருந்தது. சாமியார் எண்ணெயோடு வந்தால் கதை முடிந்தது என்று பயந்தார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே, நோயில்பூசுதல் என்ற பெயரே பொருத்தம், சாகும் நொடியில் இருப்பவருக்கு மட்டும் உரியதல்ல என்று சொன்னது. 1972-இல் திருத்தந்தை புனித ஆறாம் பவுல் அதன் சடங்குமுறையைப் புதுப்பித்தார். நினைவு இருக்கும்போதே, பேச முடியும்போதே எங்களை அழையுங்கள். அப்போதுதான் நோயாளி தன் வாயால் ஒப்புரவு செய்ய முடியும், செபத்துக்கு ஆமென் சொல்ல முடியும். இவ்வுலகைக் கடந்துபோகிறவருக்கு உரிய அருள்சாதனம் வழியுணவாகத் தரப்படும் நற்கருணை. நெடுந்தூரம் போகிறவருக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொடுக்கும் ஊர் நம் ஊர். இந்தப் பயணத்துக்கு ஆண்டவர் தம்மையே கட்டிக்கொடுக்கிறார்.

நாம் சந்திக்கும் நோயாளி இந்துவாக, இஸ்லாமியராக இருந்தால்? அவருக்குத் தெம்பு தருவது எது என்று அவரிடமே கேட்போம். குலதெய்வத்தின் திருநீறு வேண்டும் என்றாலோ, திருக்குர்ஆன் ஓதக் கேட்கவேண்டும் என்றாலோ, அதற்கு வழிசெய்யும்படி வீட்டாரிடம் சொல்வோம். எழுந்து போகவும் முடியாமல் படுத்திருப்பவரிடம் மதமாற்றப் பேச்சு பேசுவது, ஆண்டவர் ஒவ்வொருவருக்கும் தந்த சுதந்திரத்தை அவமதிப்பதாகும். நல்ல சமாரியர் காயத்தைக் கட்டினார். காயம்பட்டவரிடம் எந்த நிபந்தனையும் வைக்கவில்லை.

நம் எல்லையையும் தெரிந்துகொள்வோம். இந்தத் துறையில் மூன்று படிகள் சொல்கிறார்கள். நோயாளியின் உள்ளத்தில் கலக்கம் இருக்கிறதா என்று ஓரிரு கேள்வியால் கவனிப்பது முதல் படி. சிறு பயிற்சி பெற்ற எவரும் இதைச் செய்யலாம். மருத்துவரும் செவிலியரும் இன்னும் விரிவாகக் கேட்டறிவது இரண்டாம் படி. பயிற்சிபெற்ற ஆன்மப் பணியாளர் ஆழமாக உடனிருந்து பார்ப்பது மூன்றாம் படி. அன்பியத்தினரும் மரியாயின் சேனையினரும் முதல் படியில் நின்றால் போதும். கலக்கம் பெரிதாகத் தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். சாப்பாடும் தூக்கமும் இல்லாமல், சாகவேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அது மனச்சோர்வு என்ற நோயாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. மேலும், கட்டிலருகே கேட்டது கட்டிலருகிலேயே இருக்கட்டும். அடுத்த வார அன்பியக் கூட்டத்தில் அதுவே மன்றாட்டாக வந்தால், அந்த நோயாளி இனி யாரிடமும் வாய் திறக்கமாட்டார்.

கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய சிறு முயற்சி, அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் பெரிய இயக்கமாக வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நோய் ஆதரவுச் சிகிச்சைக்காக வீட்டுக்கே செவிலியர் வருகிறார். உங்கள் வீட்டில் அப்படி ஒரு நோயாளி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மருந்து அவர்கள் கையில் வரும். கேட்கும் செவி நம்மிடமிருந்து போகட்டும்.

அன்பானவர்களே, இந்த வாரம் ஒரு வேலை செய்வோம். நம் தெருவில் நீண்ட நாளாகப் படுத்திருக்கும் ஒருவரைப் பார்க்கப் போவோம். நாற்காலியை அவர் முகத்துக்கு நேராக, கண்ணோடு கண் பார்க்கும் உயரத்தில் போட்டு உட்காருவோம். கைப்பேசியை அணைத்து வைப்போம். "மனசு நிம்மதியா இருக்கா?" என்று கேட்போம். பிறகு காத்திருப்போம். அவர் அழுதால் அழட்டும். பேசாவிட்டால், அவர் கையைப் பிடித்தபடி இருப்போம். கெத்சமனியில் ஆண்டவர் தம் நண்பர்களிடம் கேட்டதும், ஒரு மணி நேரம் தம்மோடு விழித்திருங்கள் என்பதைத்தானே?

அதன்பின் செபிப்போம். அவர் சொன்னதையே எடுத்துச் செபிப்போம். சற்றுமுன் நினைத்துப் பார்த்த அந்தத் தாய்க்காக, "ஆண்டவரே, இவருக்கு உதவும்" என்ற பொதுவான செபத்தோடு நின்றுவிடாமல், "ஆண்டவரே, உம் மகள் தன் மகளின் எதிர்காலத்தை நினைத்துத் தூங்காமல் கிடக்கிறாள், நீர் தன்னைத் தண்டிக்கவில்லை என்று இந்த இரவில் அவளுக்கு உணர்த்தும்" என்று செபிப்போம். தன் மனக்குறையைத் தன் காதாலேயே செபமாகக் கேட்கிறவர், தன்னை யாரோ உண்மையிலேயே கேட்டிருக்கிறார்கள் என்று அறிந்துகொள்வார். மனிதர் கேட்டார்கள் என்றால், கடவுளும் கேட்பார் என்று நம்புவது அவருக்கு எளிதாகும்.

செபிப்போமாக. எரிகோ சாலையில் நின்று கேட்ட ஆண்டவரே, கட்டிலில் கிடந்தபடி உம்மைக் கூவி அழைப்போரின் குரலை நாங்கள் அடக்கிவிடாதபடி எங்களைக் காத்தருளும். பேசும் முன் கேட்க எங்களுக்குச் செவியைத் தாரும். பதில் தெரியாத வேளையில் உடனிருக்கும் பொறுமையைத் தாரும். இந்த இரவில் தூக்கமின்றி இருக்கும் எல்லா நோயாளிகளுக்கும், அவர்களோடு விழித்திருக்கும் குடும்பத்தாருக்கும், செவிலியருக்கும், மருத்துவருக்கும் உம் அமைதியைத் தாரும். நோயுற்றோரின் ஆரோக்கியமான அன்னை மரியாவே, நல்ல மரணத்தின் பாதுகாவலரான புனித சூசையப்பரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். ஆமென்.